கேட்டு வாசலில் கேட்ட மன்னிப்பு

மேடையில் வீற்றிருக்கும் போதகர் ராஜசேகர் ஐயா அவர்களே, சபையின் மூப்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அன்புக்குரிய ஞானம்மா அக்கா அவர்களே, காலை ஷிஃப்ட் முடித்துச் சீருடையோடு நேராக இங்கே வந்திருப்பவர்களே, இரவு ஷிஃப்டுக்காகத் தூங்க வேண்டிய நேரத்தில் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருப்பவர்களே, உட்கார இடமில்லாமல் வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டிருக்கும் என் சேரப்பணஞ்சேரி, வடக்குப்பட்டு சொந்தங்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் வடக்குப்பட்டு சுந்தராம்பாள். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது முதல் பானைக்குப் பக்கத்தில் நிற்பவள். இந்தச் சபையில் நான் உறுப்பினர் இல்லை. ஞானஸ்நானமும் எடுக்கவில்லை. பாஸ்டர் ஐயா நம்பிக்கையோடு காத்திருக்கிறார், காத்திருக்கட்டும்! கிராம சபைக் கூட்டங்களில் பேசிப் பேசி மைக்கைக் கொடுத்தால் திருப்பித் தராத பழக்கம் எனக்கு உண்டு. அது தெரிந்தும் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். காரணம், இந்த மனிதரைப் பற்றிப் பேச இந்த மண்டபத்தில் எனக்கு இருக்கிற உரிமை வேறு யாருக்கும் கிடையாது.

ஏனென்றால், நம் அண்ணன், பயிற்சி ஆசிரியர், மறைந்த ஏசுவடியான் அவர்கள் தன் வாழ்நாளில் யாரையாவது மிகக் கேவலமாகப் பேசியிருக்கிறார் என்றால், அது என்னைத்தான்!

சிரிக்கலாம். தாராளமாகச் சிரிக்கலாம். மண்டபத்துக்குள் வரும்போதே அண்ணனுடைய மனைவி ஞானம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவிய சிரிச்ச முகத்தோட போனாவ. நீங்க எல்லாரையும் அழ வச்சு அனுப்பிராதீங்க" என்று சொல்லிவிட்டார். அக்கா பேச்சை நான் தட்டமாட்டேன்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறோம். அங்கே பிரஸ் ஷாப் என்று ஒரு பகுதி. இரும்புத் தகட்டை மெஷின் அடிக்கிற அடியில் தரை அதிரும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. ஆனால் ஒரே ஒரு குரல் மட்டும் எல்லாச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். அது லைன் சூப்பர்வைசர் ஏசுவடியானின் குரல்! அந்தக் குரலில் எங்கள் யாருடைய பெயரும் வந்ததில்லை. மாடு, எருமை, மூதேவி, தண்டச்சோறு. எங்கள் தாய் தகப்பன் பெயரைக்கூட அவர் விட்டுவைத்ததில்லை.

தெற்கே இருந்து வந்த சுடலைக்கண்ணு தம்பி எங்களோடு வேலை செய்தார். அதோ, மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார் பாருங்கள். சூப்பர்வைசர் மாதிரியே பேசிக் காட்டி கேன்டீனையே சிரிக்க வைப்பவர். அவர் ஒருநாள் சொன்னார்: "அக்கா, எங்க ஊர்ல ஏசுததுன்னா திட்டுதது. இவருக்குப் பேரு பொருத்தமாத்தான் வச்சிருக்காவ!" அதிலிருந்து எங்களுக்குள் அவர் பெயர் 'ஏசுவான்'.

பிறப்பால் கிறிஸ்தவர். பெயரால் கிறிஸ்தவர். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் புதுச்சட்டை போட்டுச் சபைக்கு வருகிற கிறிஸ்தவர். அவ்வளவுதான். இதை அவரே இந்த மைக்கில் பலமுறை சாட்சியாகச் சொல்லியிருக்கிறார். அதனால் நான் சொல்வதில் தவறில்லை.

என் கதைக்கு வருகிறேன். ஒரு கார்த்திகை மாதம். பெருமழை. எங்கள் ஊர் ரோட்டில் தண்ணீர் நின்றதால் கம்பெனி பஸ் வரவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தே போனேன். நனைந்துபோய் லைனில் நின்றேன். தாமதம்தான். அவர் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். அந்தச் சொல்லை இந்த மேடையில் நான் சொல்லமாட்டேன். தாமதமாக வருகிற ஒரு பெண்ணைப் பார்த்து, 'இவ்வளவு நேரம் எங்கே, யாரோடு இருந்தாய்' என்கிற மாதிரியான கேள்வி. பெண்களுக்குப் புரியும். சிலர் சிரித்தார்கள். பலர் தரையைப் பார்த்தார்கள். நான் கையுறையைக் கழற்றி மெஷின் மேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். திரும்பிப் போகவில்லை.

அது எங்களுக்குச் சின்ன விஷயமா? கம்பெனிகள் வந்தபோது நிலம் போன குடும்பம் எங்களுடையது. வீட்டுக்காரர் ரகுபதி வாட்ச்மேன் வேலை பார்க்கிறார். என் சம்பளத்தில்தான் மகள் சசிரேகா காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு ஒரு மாட்டை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பால் ஊற்றினேன். பால் ஊற்றுவது கேவலமா? இல்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும், 'நல்ல கம்பெனி வேலையை ஏன் விட்டே?' என்று கேட்பார்களே, அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்?

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் சூப்பர்வைசருக்குத் தொண்டை கட்டியது. வருஷக்கணக்காகக் கத்திய கத்தலில் குரல்நாணில் கட்டி வந்துவிட்டது. ஆபரேஷன் செய்த டாக்டர், "ஒரு மாதம் வாயைத் திறக்கக் கூடாது, முணுமுணுக்கக்கூடக் கூடாது" என்று சொல்லிவிட்டார். மனிதர் வேலைக்கு வந்தார். கையை ஆட்டித் திட்டிப் பார்த்தார். கையால் எவ்வளவுதான் திட்ட முடியும்? லைனே சிரித்தது என்று கேள்விப்பட்டேன்.

அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் சும்மா இருக்கமுடியாமல், ஞானம்மா அக்காவோடு இந்தச் சபைக்கு வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்திருக்கிறார். ஆராதனை முடிகிற நேரம், பாஸ்டர் ஐயா வழக்கம்போல், "ஜெப விண்ணப்பம் இருக்கிறவர்கள் எழுந்து சொல்லலாம்" என்றார். தங்கச்சி பாண்டிச்செல்வி எழுந்தாள். ஹாஸ்டலில் தங்கி எங்கள் லைனில் வேலை பார்த்த பிள்ளை. பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

"ஐயா, எங்க சூப்பர்வைசருக்குத் தொண்டையில ஆபரேஷன் நடந்திருக்கு. அவருக்குக் குரல் திரும்பி வரவே கூடாதுன்னு எல்லாரும் சேந்து ஜெபிச்சுக்கிடுங்க. இப்பத்தான் நாங்க நிம்மதியா சோறு திங்கோம்."

சபையே திகைத்துவிட்டது! பாஸ்டர் ஐயா, உங்கள் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று பாண்டிச்செல்வி இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். குரல் வரவேண்டும் என்று ஜெபித்திருக்கிறீர்கள். கண்பார்வை வரவேண்டும் என்று ஜெபித்திருக்கிறீர்கள். குரல் வரக்கூடாது என்று எந்தப் போதகராவது ஜெபித்தது உண்டா?

கடைசிப் பாயில் இருந்த மனிதர் என்ன செய்திருக்கலாம்? எழுந்து போயிருக்கலாம். மறுநாள் அந்தப் பிள்ளையை வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம். குரல் இருந்திருந்தால் அங்கேயே கத்தியிருப்பார். குரல் இல்லை. அதனால் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, தன்னைப் பற்றி ஒருவர் சொன்னதை முழுவதும் கேட்டார். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, கடவுளிடம் போய்க் கேட்கிற அளவுக்குத் தன் வாயைப் பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று கேட்டார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. அழுதாராம். சத்தமில்லாத அழுகை. ஞானம்மா அக்காவுக்குத் தோளைத் தொட்டபோதுதான் தெரிந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு அவர் முன்னால் வந்து முழங்கால் போட்டார். "எதற்காக ஜெபிக்கணும், பிரதர்?" என்று பாஸ்டர் கேட்டார். பேசமுடியாதே! வாயைத் தொட்டுக் காட்டினார். பிறகு 'அதில்லை' என்று தலையை ஆட்டிவிட்டு நெஞ்சில் கையை வைத்தார். பாஸ்டர் ஐயா நெஞ்சுவலி என்று நினைத்து, இருதய நோய் நீங்க உருக்கமாக ஜெபித்துவிட்டார்! ஒரு கணக்கில் அதுவும் சரியான ஜெபம்தான், ஐயா.

மாதம் முடிந்து குரல் வந்தது. பாதிதான் வந்தது. காற்றும் சத்தமும் கலந்த ஒரு கரகரப்பு. பாண்டிச்செல்வியைக் கூப்பிட்டு, "பாப்பா, ஒன் ஜெபத்த ஆண்டவர் பாதி கேட்டுட்டாரு" என்றாராம். அவள் நடுங்கிப்போனாள். அவர் சிரித்தார். அவர் பல் எப்படி இருக்கும் என்று லைன் அன்றைக்குத்தான் பார்த்தது.

அந்தப் பாதிக் குரலை எடுத்துக்கொண்டு அவர் எங்கே வந்தார் தெரியுமா? என் வீட்டுக்கு வந்தார். மாடு கறந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தால், வேலிப் படலுக்கு அந்தப் பக்கம் இவர்.

"இன்னாத்துக்கு வந்த? வூடு தேடி வந்து வேற திட்டணுமா?" என்று கேட்டேன்.

"மன்னிப்பு கேக்க வந்திருக்கேம்மா."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எத்தினி பேரு பாத்துக்கினு இருந்தாங்க அன்னிக்கு? இங்க யாரு கீறாங்க? நானும் என் மாடும். மாட்டு முன்னால மன்னிப்பு கேட்டா என் மானம் திரும்பி வந்துடுமா?"

"நீங்க சொல்லுதது நியாயம்" என்றார். போய்விட்டார். 'தொலைந்தது சனியன், இனி வரமாட்டான்' என்று நான் நினைத்தேன். மன்னிக்கணும் ஞானம்மா அக்கா, அப்படித்தான் நினைத்தேன்.

சில நாள் கழித்துப் பாண்டிச்செல்வி வந்தாள். "அக்கா, திங்கக்கிழமை காலையில கம்பெனி கேட்டுக்கு வருவியளாம். சார் சொன்னாவ." என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று பால்கேனோடு போனேன்.

ஷிஃப்ட் மாறுகிற நேரம். உள்ளேயிருந்து ஒரு கூட்டம் வெளியே வருகிறது. பஸ்களிலிருந்து ஒரு கூட்டம் இறங்குகிறது. இவர் கம்பெனி கேட்டு ஓரத்தில் கிடந்த ஒரு சிமென்ட் கட்டை மேல் ஏறி நின்றார். எதையோ பேசினார். யார் காதில் விழும்? பிரஸ் மெஷினைத் தாண்டிக் கேட்ட குரல், பஸ் எஞ்சினைத் தாண்டவில்லை! "சார், சத்தமா சொல்லுங்க!" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது.

அப்போது சுடலைக்கண்ணு முன்னால் வந்தார். "சார், நீங்க சொல்லுங்க. நான் திருப்பிச் சொல்லுதேன்" என்றார். நற்செய்திக் கூட்டத்தில் வெளிநாட்டுப் பிரசங்கியாருக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் சொல்வாரே, அந்த மாதிரி!

இவர் கரகரத்தார்: "சுந்தராம்பாள் அம்மாவ நான் கேவலமா பேசினேன்."

சுடலைக்கண்ணு முழங்கினார்: "சுந்தராம்பாள் அம்மாவ நான் கேவலமா பேசினேன்!"

"உங்க எல்லாரு முன்னாலயும் பேசினேன்."

"உங்க எல்லாரு முன்னாலயும் பேசினேன்!"

"அது பொய்யி. அசிங்கமான பொய்யி."

அதையும் சுடலைக்கண்ணு சொன்னார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள். அடுத்து இவர் சொன்னார்: "அந்தம்மா மழையில நடந்துதான் வந்தாங்க. சேலையெல்லாம் சேறு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பேசினேன்."

சுடலைக்கண்ணு வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இந்த மனிதரைப் போலவே பேசிக் காட்டி எத்தனையோ நாள் எங்களைச் சிரிக்க வைத்த அந்தத் தம்பியால், அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. ஒரு பஸ் டிரைவர் எஞ்சினை அணைத்தார். பின்னால் நின்ற இன்னொருவர் அணைத்தார். அந்த அமைதியில் இவரே மறுபடியும் சொன்னார். "எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பேசினேன். மன்னிச்சிருங்கம்மா." அந்தப் பாதிக் குரல் கடைசி ஆள்வரைக்கும் கேட்டது, சொந்தங்களே!

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இப்ப காதுல வுழுந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பால் ஊற்றப் போய்விட்டேன். உடனே மன்னித்துக் கட்டிப்பிடித்து அழுதேன் என்று சொன்னால் அது அழகான கதையாக இருக்கும். ஆனால் நடந்தது அதுவல்ல. நான் மன்னிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு முதல்முறையாக, ஊரில் யாராவது 'வேலையை ஏன் விட்டே' என்று கேட்டால் நிமிர்ந்து பதில் சொல்லலாம் என்று தோன்றியது.

மேலே இருப்பவர்களுக்கு இது பிடிக்கவில்லை. மேனேஜர் கூப்பிட்டு, "ஒரு சூப்பர்வைசர் ரோட்டில் நின்று மன்னிப்புக் கேட்டால் நாளைக்கு லைனில் யார் பயப்படுவார்கள்?" என்று கேட்டார். "பயப்பட வேண்டாம் சார், வேலை பாத்தாப் போதும்" என்று இவர் சொன்னார். ஷிஃப்ட் இன்சார்ஜ் பதவி அந்த வருஷம் அவருக்கு வரவேண்டியது. வரவில்லை. லைனையும் வாங்கிக்கொண்டு, புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சி அறையில் உட்கார வைத்தார்கள். தண்டனை! "இன்சார்ஜ் ஆகியிருந்தா இன்னும் நாலு லைனை ஏசியிருப்பேன். ஆண்டவர் தப்ப வச்சாரு" என்று சொல்லிச் சிரித்தார். போகிறபோதும் சும்மா போகவில்லை. நான் வேலையை விட்டது என் தப்பல்ல, தன் தப்பு என்று பெரிய அதிகாரிகள் வரைக்கும் ஏறி இறங்கிச் சொன்னார். எனக்கு மறுபடி வேலை கிடைத்தது.

ஆனால் ஒரு நிபந்தனை. விட்டுவிட்டு வந்தவள் மறுபடியும் பயிற்சி எடுக்கவேண்டும். யாரிடம்? இவரிடம்தான்!

நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். வணக்கம்கூடச் சொல்லமாட்டேன். இரண்டாவது வாரமோ என்னவோ, வேல்விழி என்று ஒரு புதுப்பெண், தட்டு நிறைய போல்ட்டும் வாஷருமாகத் தூக்கி வந்தவள், கால் தடுக்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அறை முழுவதும் உருண்டது. அவள் வெளுத்துப்போனாள். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியாதா! கழுத்து நரம்பு புடைத்தது. கண் சிவந்தது. வாய் திறந்தது. சரி, பழைய ஏசுவான் வந்துவிட்டான், வேஷம் கலைந்தது என்று நினைத்தேன்.

திறந்த வாய் மூடியது. மனிதர் அப்படியே தரையில் மண்டியிட்டு, ஒவ்வொரு வாஷராகப் பொறுக்க ஆரம்பித்தார். கோபம் அவரை விட்டுப் போயிருக்கவில்லை. ஒவ்வொரு வாஷரோடும் சேர்த்து அதையும் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நானும் போய் எதிரில் மண்டியிட்டுப் பொறுக்கினேன்.

தலையைத் தூக்காமலேயே சொன்னார்: "அம்மா, உள்ள இன்னும் கொதிக்கி. எதையாவது பேசிக்கிட்டே இருங்க. இல்லன்னா ஏசிப்புடுவேன்."

எதைப் பேசுவது? வாய்க்கு வந்ததைப் பேசினேன். "எம் மாடு கன்னு போட்டுக்கீது. கெடேரி. நெத்தியில வெள்ளையா ஒரு புள்ளி கீது" என்றேன். "அப்படியா, பால் எவ்வளவு கறக்கு?" என்று கேட்டார். கடைசி வாஷர் தட்டில் விழுகிற வரைக்கும் என் மாட்டைப் பற்றியே பேசினோம். அந்தத் தரையில்தான், சொந்தங்களே, அவரை நான் மன்னித்தேன். மன்னித்தேன் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

பிற்பாடு ஒருநாள் கேன்டீனில் துடுக்காகவே கேட்டேன். "ஏன்ணா, குரல் போனதாலதான நீ அடங்கின? இதுல சாமி எங்க வந்துச்சு? டாக்டரு தான செஞ்சாரு?" "டாக்டர் தொண்டையில இருந்த கட்டியத்தான் அறுத்தாரு. அதுக்கும் கீழ ஒண்ணு இருந்துச்சும்மா. அது எந்த ஸ்கேன்லயும் தெரியாது. அத எடுக்க எனக்கும் வழியில்ல. எனக்காக ஒருத்தர் சிலுவையில ஏச்சும் பேச்சும் வாங்கிக்கிட்டு, திரும்ப ஒரு வார்த்த பேசாம மன்னிச்சாரேன்னு அந்தப் பாயில உக்காந்திருக்கும்போதுதான் உறைச்சுது. சின்னப் புள்ளையில இருந்து கேட்ட கததான். அன்னைக்குத்தான் அது என் கதைன்னு தெரிஞ்சுது" என்றார். நான் அம்மனைக் கும்பிடுகிறவள். அவர் சொன்னதற்கு நான் எதிர்வாதம் செய்யவில்லை. மரத்தைப் பற்றி எனக்குத் தெரியாமல் இருக்கலாம், பழத்தை நான் தின்றிருக்கிறேன்.

அவர் வழுக்கி விழவே இல்லையா? விழுந்தார். டீக்கடை நடேசன் அண்ணனிடம் ஒருநாள் சர்க்கரை போட்டதற்காகப் பழைய வார்த்தை ஒன்றை விட்டுவிட்டார். பாதி ரோடு போனவர் திரும்பி வந்து கையைக் கூப்பினார். நடேசன் அண்ணன், "இன்னா சார், திட்டினியா நீ? நா கவனிக்கவே இல்லியே! எங்க ஏரியால அதெல்லாம் திட்டுலயே சேராது, போ!" என்று சொல்லிச் சர்க்கரை இல்லாமல் இன்னொரு டீ போட்டுக் கொடுத்தார்.

தண்டனையாகக் கொடுத்த அந்தப் பயிற்சி அறையை அவர் என்னவாக மாற்றினார் என்று உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். தெற்கேயிருந்து புதுப் பிள்ளைகள் வருகிற ஒவ்வொரு முறையும், விடிந்த உடனே ஒரகடம் பஸ் நிறுத்தத்தில் ஃபிளாஸ்க்கில் காபியோடு போய் நிற்பார். மூட்டையோடு திருதிருவென்று இறங்குகிற பிள்ளையிடம் முதலில் பெயரைக் கேட்பார். கேட்ட பெயரை மறக்கமாட்டார். ரூம் பிடித்துக் கொடுப்பார். காய்ச்சல் என்றால் ஞானம்மா அக்கா கஞ்சி காய்ச்ச, இவர் தூக்குவாளியில் கொண்டுபோவார். கம்பெனி சொல்லிச் செய்ததா? சபை சொல்லிச் செய்ததா? வாழ்நாள் பாதியை மனிதர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் கழித்தவர், மீதியில் அந்தப் பாக்கியைத் தீர்த்தார்.

போன புதன்கிழமையும் அப்படித்தான் கிளம்பினார். குளித்து, சட்டை போட்டு, ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டிருந்தவர், "ஞானம், கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்" என்றார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வலி இல்லை. கத்தல் இல்லை. ஆண்டவர் சந்நிதியில் இப்போது என்ன குரலோடு நிற்கிறாரோ! முழுக் குரலும் திரும்பக் கிடைத்திருக்கும் என்று பாண்டிச்செல்வி சொல்கிறாள். தான் ஜெபித்துக் கேட்டுக்கொண்டதாகவும் சொல்கிறாள்!

அன்றைக்கு பஸ்ஸில் வந்து இறங்கிய பிள்ளைகளை வரவேற்க யாரும் இல்லை. வழி கேட்டுக் கேட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவர்களாகவே கம்பெனிக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களும் இங்கே வந்திருக்கிறார்கள். அதோ, சுவரோரம் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். முகம் தெரியாத ஒருவருடைய இரங்கல் கூட்டத்தில் ஏன் உட்கார்ந்திருக்கிறோம் என்று யோசிக்கிறீர்கள், இல்லையா பிள்ளைகளே? உங்களுக்காகச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியவர் அவர்.

சபையோரே, நாம் இங்கே உறுதிமொழி எடுக்கவேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. எழுந்து நின்று கையை நீட்டிச் சொல்வது சுலபம். நான் சொல்வது இதுதான். அடுத்த முறை புதுப் பிள்ளைகள் வரும்போது, அந்த பஸ் நிறுத்தத்தில் நான் நிற்பேன். பாண்டிச்செல்வி நிற்பாள். சுடலைக்கண்ணு நிற்பார். பயிற்சி அறையில் அண்ணன் இடத்துக்கு வந்திருக்கும் அருள்பாண்டி தம்பி நிற்பதாகச் சொல்லிவிட்டார். காபி போடும் பொறுப்பை ஞானம்மா அக்கா யாருக்கும் விட்டுத்தர மாட்டாராம். இன்னும் யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள்... அடேயப்பா! பாஸ்டர் ஐயாவும் தூக்குகிறார். வாருங்கள் ஐயா, வாருங்கள். ஆனால் பிரசங்கம் வேண்டாம், பிள்ளைகளுக்கு ஷிஃப்ட் இருக்கும்!

அடுத்த முறை இருக்கட்டும். போன புதன்கிழமை செய்யவேண்டிய ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதை முடித்துவிட்டுத்தான் இந்த மைக்கைத் தருவேன். பின்னால் இருக்கும் பிள்ளைகளே, எழுந்திருங்கள். கூச்சப்படாதீர்கள். ஒவ்வொருவராகச் சொல்லுங்கள், நாங்கள் எல்லோரும் கேட்கிறோம். சுவரோரம் முதலில் நிற்கிற பச்சைத் தாவணிப் பெண்ணே, சொல்லும்மா.

உன் பேர் இன்னா?